அஸ்கிரிய மைதானமும் நடுவரின் விரலும்

உதைபந்தாட்ட உலகில் மத்தியஸ்தரின் பக்கச்சார்பு பற்றியும், அவருக்கு வீரர்கள் காட்ட வேண்டிய மரியாதை பற்றியும் நடக்கும் வாதங்களுக்கு ஈடான ஒன்றைக் கண்டிச் சீமையில் தேடுபவர், அதை உதைபந்தாட்டத்தில் காணமாட்டார். தொழில்முறை உதைபந்தாட்டம் இங்கு வேரூன்றவில்லை. நித்தவெல மைதானத்தை மையமாகக் கொண்ட றக்பியும், பாடசாலைகளின் வழியே வளர்ந்த கிரிக்கெட்டும்தான் நகரத்தின் விளையாட்டுப் பற்றைப் பங்கிட்டுக்கொண்டன. நடுவர் எவரின் ஆள், அவர் தவறினால் வீரர் என்ன செய்யலாம், தீர்ப்பைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்ற மூன்று கேள்விகளும் ஒருசேர எழுந்த இடம் அஸ்கிரிய கிரிக்கெட் மைதானமாகும். 1983 முதல் 2007 வரை அங்கு நடந்த டெஸ்ட் போட்டிகள், அதாவது நாடுகளுக்கிடையே ஐந்து நாட்கள் நீளும் போட்டிகள், கிரிக்கெட் உலகம் உள்ளூர் நடுவரைச் சந்தேகித்து, பின்னர் அந்நிய நடுவரை அழைத்து, இறுதியில் இயந்திரத்தின் துணையை நாடிய காலத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகின்றன.

இந்த ஆட்டம் மலைக்கு ஏறிய வழி கடுகண்ணாவைக் கணவாய். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஆங்கிலேயர் 1820களில் அமைத்த வீதியும், 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதையும் அக்கணவாயின் செங்குத்தான சரிவையே வென்றாக வேண்டியிருந்தன. வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அவ்வழியே படையினரும் தோட்டத்துரைமாரும் மதகுருமாரும் மேலே வந்தனர். தேயிலைத் தோட்டங்களை நோக்கித் தென்னிந்தியத் தொழிலாளரும் வந்தனர். முன்னவர்கள் கொண்டுவந்த ஆட்டத்தைப் பின்னவர்களின் பேரன் ஒருவன் உலகின் உச்சிக்குக் கொண்டுசெல்வான் என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க முடியாது.

1872இல் நிறுவப்பட்ட திரித்துவக் கல்லூரி, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி 1915இல் அஸ்கிரியவில் தன் மைதானத்தைத் திறந்தது. பிற்காலத்தில் டெஸ்ட் போட்டிகள் நடைபெற்றபோதும் அது பாடசாலையின் சொத்தாகவே இருந்தது என்பதை மனத்தில் கொள்ளவேண்டும், ஏனெனில் நடுவருக்குரிய மரியாதை பற்றிய பழைய கோட்பாடு பாடசாலைக் கோட்பாடே ஆகும். பாடசாலை ஆட்டத்தில் நடுவராக நின்றவர் பெரும்பாலும் ஆசிரியர். அவர் விரலை உயர்த்தினால் மாணவன் திரும்பிப் பாராமல் நடக்கவேண்டும், முகத்தைச் சுளிப்பதுகூடக் குற்றம். றக்பியில் இப்பழக்கம் இன்னும் இறுக்கமானது. அங்கு மத்தியஸ்தரோடு பேச அணித்தலைவருக்கு மட்டுமே உரிமை உண்டு, பேசுவதும் ‘சேர்’ என்ற விளியுடன்தான். இம்மரியாதை தீர்ப்பின் சரி, பிழையைச் சார்ந்திருக்கவில்லை. தீர்ப்பு இறுதியானது, அதை மறுத்துக் காட்ட எவரிடமும் சான்று இல்லை என்ற நிலைமையையே அது சார்ந்திருந்தது. சான்று தோன்றியதும் மரியாதையும் தளரத் தொடங்கியது. அதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கூறி முடித்துவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று.

உதைபந்தாட்டம் இவ்விடயத்தில் தொடக்கத்திலேயே வேறு வழியைத் தேர்ந்தது. 1930இல் உருகுவேயும் ஆர்ஜென்டினாவும் மொன்டெவிடியோ நகரில் மோதிய முதலாவது உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நடத்தியவர் ஜோன் லாங்கெனுஸ் என்ற பெல்ஜியம் நாட்டவர். இரு நாடுகள் மோதும்போது மூன்றாம் நாட்டவரே மத்தியஸ்தம் வகிக்கவேண்டும் என்பது அவ்விளையாட்டில் விவாதத்துக்கு இடமில்லாத நெறியாயிற்று. கிரிக்கெட்டோ, எந்த நாட்டில் ஆட்டம் நடக்கிறதோ அந்த நாட்டின் கிரிக்கெட் சபை நியமிக்கும் இருவரே நடுவர்கள் என்ற ஏற்பாட்டைப் பெரும்பாலும் நூறாண்டுக்கு மேலாகப் பேணியது. 1912இல் இங்கிலாந்தில் நடந்த முக்கோணத் தொடரில் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் ஆங்கிலேய நடுவர்களின் கீழ் ஆடியது ஒரு விதிவிலக்கு. தூரமும் பயணச்செலவும் இதற்குக் காரணங்களாயினும், கனவான்களின் ஆட்டத்தில் பக்கச்சார்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற பாவனையும் இதில் உண்டு. பாவனை வலுவாயிருந்த அளவுக்கு ஐயமும் வலுவாயிருந்தது.

ஐயம் குடிகொள்ள மிகவும் வசதியான இடம் எல்.பி.டபிள்யூ. என்னும் விதியாகும். துடுப்பில் படாமல் காலில் தடுக்கப்பட்ட பந்து, தடுக்கப்படாதிருந்தால் விக்கெட்டைத் தாக்கியிருக்குமா என்று நடுவர் ஊகித்துக் கூறவேண்டும்; அதாவது நடவாத ஒன்றைப் பற்றி அவர் தீர்ப்பளிக்கிறார். பந்து துடுப்பில் மெல்ல உரசிக் கால்காப்பில் பட்டு அருகில் நிற்பவர் கையில் விழும் பிடியும் இத்தகையதே. சுழல் பந்துவீச்சு மேலோங்கும் தெற்காசிய மைதானங்களில் இவ்விருவகைக் கேள்விகளும் ஒருநாளில் பலமுறை எழும். மேற்கிலிருந்து வரும் அணிகள் தோற்றபோதெல்லாம் உள்ளூர் நடுவர்மீது பழி விழுந்ததற்கு இது ஒரு காரணம். அவுஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ ஆசிய அணிகள் சொன்ன அதே முறைப்பாடு தோற்றவர்களின் புலம்பலாகக் கொள்ளப்பட்டதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இலங்கை 1981இல் டெஸ்ட் உரிமை பெற்று, 1982 பெப்ரவரியில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டை ஆடியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 22இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான போட்டியோடு அஸ்கிரிய டெஸ்ட் மைதானமாயிற்று. புதிய நாட்டிடம் அனுபவமிக்க நடுவர்கள் இருக்கவில்லை; நடுவர் பணி அன்று முழுநேரத் தொழிலுமன்று. 1985 செப்டெம்பரில் இந்தியாவைக் கொழும்பில் 149 ஓட்டங்களால் வென்ற இலங்கை, அஸ்கிரியவில் மூன்றாவது டெஸ்டைச் சமநிலையில் முடித்து முதன்முதலாக ஒரு தொடரைக் கைப்பற்றியபோது, நாடே கொண்டாடிய அவ்வெற்றியை விருந்தினர்கள் நடுவர் பற்றிய கசப்போடு நினைவுகூர்ந்தனர். 1986இன் தொடக்கத்தில் வந்த பாக்கிஸ்தான் அணி அஸ்கிரியவில் ஓர் இனிங்ஸ் வித்தியாசத்தில் வென்றும்கூட, அத்தொடர் நடுவர் தீர்ப்புகள் பற்றிய சச்சரவுகளால் கெட்டது. தாம் பக்கச்சார்புக்கு ஆளானதாகக் கருதிய அணிகளின் குற்றச்சாட்டுகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தோல்வியின் எரிச்சல் என்று இன்று பிரித்தறிய இயலாது. அப்போதும் இயலவில்லை என்பதே பிரச்சினையின் மூலம்.

அந்தப் பாக்கிஸ்தான் அணியின் தலைவர் இம்ரான் கான், பொதுநாட்டு நடுவர்களை, அதாவது மோதும் இரு நாடுகளையும் சேராதவர்களை, விடாது கோரியவர்களுள் முதன்மையானவர். அதே 1986 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் பாக்கிஸ்தானுக்கு வந்தபோது லாகூர் டெஸ்டில் வி. கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்னும் இரு இந்தியர்கள் நடுவர்களாக நின்றனர். மறு ஆண்டில் பைசலாபாத்தில் இங்கிலாந்துத் தலைவர் மைக் கட்டிங்கும் நடுவர் ஷக்கூர் ராணாவும் மைதான நடுவே முகத்துக்கு முகம் விரல் நீட்டிச் சண்டையிட்ட படம் உலகெங்கும் அச்சாகியது. பாடசாலைக் கோட்பாட்டின் தாயகத்திலிருந்து வந்த அணித்தலைவரே அக்கோட்பாட்டை உடைத்த காட்சி அது. 1991இல் வீரர்களின் ஒழுக்கத்தைக் கண்காணித்துத் தண்டம் விதிக்கும் போட்டித் தீர்ப்பாளர் பதவி உருவாக்கப்பட்டது. 1992இல் டர்பன் டெஸ்டில் தொலைக்காட்சி மீள்காட்சியைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் மூன்றாவது நடுவர் அறிமுகமாகி, சச்சின் டெண்டுல்கர் அவ்வழியில் ஆட்டமிழந்த முதல்வரானார். 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவர் பொதுநாட்டு நடுவராக இருக்கவேண்டும் என்ற விதி வந்தது. ஒருவர் உள்ளூர், ஒருவர் அந்நியர் என்ற இந்தப் பாதி ஏற்பாடு எட்டாண்டுகள் நீடித்தது. கண்டியின் இரு பெரும் நடுவர் விவகாரங்களும் அந்த எட்டாண்டுகளுக்குள் அடங்குகின்றன.

முதலாவது கண்டியில் நிகழ்ந்ததன்று. கண்டியின் மகனுக்கு மெல்போர்னில் நிகழ்ந்தது. 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரனாக 1972 ஏப்ரல் 17இல் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன், குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை; 1977 வன்செயலில் தீக்கிரையாக்கப்பட்ட மலையகத் தமிழர் உடைமைகளுள் அத்தொழிற்சாலையும் ஒன்று. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் ஆடி வளர்ந்த அவரது வலக்கை முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. 1995 டிசெம்பர் 26இல், மெல்போர்னில், அவுஸ்திரேலிய நடுவர் டெரல் ஹெயர் பந்துவீச்சு முனையிலிருந்தே மூன்று ஓவர்களில் ஏழு முறை அவரது பந்தை ‘நோ-போல்’, அதாவது முறையற்ற பந்து, என்று அறிவித்தார். கையை வீசாமல் எறிகிறார் என்பது குற்றம்.

அன்று அடுத்து நடந்தது பரபரப்பில் பலரும் கவனியாத, ஆனால் இவ்வரலாற்றுக்கு மிக முக்கியமான செய்தி. முரளிதரன் மறுமுனைக்கு மாற்றப்பட்டார். அங்கு நின்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த பொதுநாட்டு நடுவர் ஸ்டீவ் டன். அதே கை, அதே முழங்கை, அதே பந்து. டன் ஒருமுறைகூடக் குறை காணவில்லை. உள்ளூர் நடுவர் பக்கச்சார்போடு நடந்தார் என்பதற்கு இது சான்று என இலங்கையர் கொண்டனர். ஹெயர் தம் கண்ணுக்குப் பட்டதை அஞ்சாமல் சொன்னார், மற்றவர்கள் சச்சரவுக்கு அஞ்சி வாளாவிருந்தனர் என்று அவுஸ்திரேலியர் பலர் கொண்டனர். இரண்டுக்கும் இடமளிக்கும் ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் வாழ்வைத் தீர்மானிக்கலாமா என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. பத்து நாட்களில் பிரிஸ்பனில் நடந்த ஒருநாள் போட்டியில் ரொஸ் எமர்சன் என்ற நடுவரும் அவ்வாறே அறிவித்தார். அக்காலத்தில் ஒருநாள் போட்டிகளில் இரு நடுவர்களும் உள்ளூர்க்காரர்களே.

எமர்சன் 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் மீண்டும் அதைச் செய்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க நடுவரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி வாதிட்டு, அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார்; கொழும்போடு தொலைபேசியில் பேசிய பின்னரே ஆட்டம் தொடர்ந்து, இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. ரணதுங்கவின் செயல் நடுவருக்கு அவமரியாதை என்பதில் ஐயமில்லை. அவருக்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. ஆயினும் மலையகத் தமிழன் ஒருவனுக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் தம் பதவியையே பணயம் வைத்த அக்காட்சியை, போர் நடந்துகொண்டிருந்த அந்நாட்களில் இந்நாட்டார் ஒழுக்கப் புத்தகத்தை வைத்து மட்டும் அளக்கவில்லை. இறுதியில் வழக்கைத் தீர்த்தது எந்த நடுவரின் கண்ணுமன்று. ஆய்வுக்கூடங்களில் எடுக்கப்பட்ட அளவைகளால், ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளரின் முழங்கையும் சிறிதளவு நிமிர்கிறது என்று தெரியவந்து, 2005இல் 15 பாகை வரை அனுமதி என விதியே மாற்றப்பட்டது.

இரண்டாவது விவகாரம் அஸ்கிரியவிலேயே நிகழ்ந்தது, முற்றிலும் தலைகீழாக. 2001 மார்ச் 7இல் இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான இரண்டாவது டெஸ்ட் தொடங்கியபோது, காலியில் முதல் டெஸ்டை இனிங்ஸ் வித்தியாசத்தில் இழந்திருந்த இங்கிலாந்து, தீர்ப்புகள் பற்றி ஏற்கெனவே மனங்கசந்திருந்தது. நடுவர்கள் இலங்கையரான பி. சி. குரேயும் தென்னாபிரிக்கரான ரூடி கேர்ட்சனும். குரே புதியவரல்லர், இருபதுக்கும் மேற்பட்ட டெஸ்ட் போட்டிகளில் நின்றவர், 1996 உலகக் கிண்ணத்தின் மொகாலி அரையிறுதியில் சென்னையின் எஸ். வெங்கடராகவனோடு நடுவராகப் பணியாற்றியவர். இலங்கை 297 ஓட்டங்களும், பதிலுக்கு இங்கிலாந்து 387 ஓட்டங்களும் பெற்றன. இங்கிலாந்துத் தலைவர் நாசர் ஹுசைன் எடுத்த 109 ஓட்டங்களில் ஒரு பெரும்பகுதி, முரளிதரனின் பந்தில் துடுப்பில் பட்டுப் பிடிக்கப்பட்ட பின்னும் இருமுறை அவர் ஆட்டமிழக்கவில்லை எனத் தீர்க்கப்பட்டதன் விளைவு.

இலங்கையின் இரண்டாவது இனிங்ஸில் தலைவர் சனத் ஜயசூரிய அன்ட்ரூ கடிக்கின் பந்தை ஓங்கி வீச, கிரஹம் தோர்ப் பாய்ந்து பிடித்தார். குரேயின் விரல் உயர்ந்தது. பந்து துடுப்பை விட்டதும் தரையில் மோதி எழுந்தது என்பதைத் தொலைக்காட்சி மீள்காட்சி தெளிவாகக் காட்டியது. மூன்றாவது நடுவர் என்றொருவர் இருந்தும் அவரிடம் கேட்கப்படவில்லை. ஜயசூரிய வெளியேறும்போது தலைக்கவசத்தை வீசியெறிந்தார். அதே போட்டியில் மைக்கல் அத்தர்டனும் இளம் விக்கெட் காப்பாளர் குமார் சங்கக்காரவும் விரல் நீட்டிச் சச்சரவிட்டனர். சங்கக்கார திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர்; நடுவர் முன் நாவடக்கம் கற்றுத்தந்த தன் பாடசாலையின் மைதானத்திலேயே இச்சச்சரவு. இரண்டாவது இனிங்ஸில் அவர் எடுத்த 95 ஓட்டங்கள்தான் இலங்கையை 250 வரை கொண்டுசென்றன. இங்கிலாந்து 7 விக்கெட்டுகளை இழந்து 161 ஓட்டங்களை எட்டி வென்றது. ஜயசூரியவுக்குப் போட்டித் தீர்ப்பாளரும் இந்தியாவின் முன்னாள் துடுப்பாட்ட வீரருமான ஹனுமந்த் சிங் போட்டிக் கட்டணத்தில் 60 சதவீதத்தைத் தண்டமாக விதித்தார்.

பி. சி. குரே இங்கிலாந்துக்காகத் துடுப்பெடுத்தாடினார் என்ற பொருள்பட உள்ளூர்ப் பத்திரிகையொன்று தலைப்பிட்டது. பகடியாயினும் அதில் ஒரு முழுக் கோட்பாட்டின் சரிவு அடங்கியிருக்கிறது. உள்ளூர் நடுவர் உள்ளூர் அணிக்கே சாய்வார் என்ற எடுகோளின் மேல்தான் பதினைந்தாண்டுக் காலச் சீர்திருத்தங்கள் அனைத்தும் கட்டப்பட்டிருந்தன. கண்டியிலோ உள்ளூர் நடுவரின் தவறுகள் உள்ளூர் அணியையே வீழ்த்தின. பக்கச்சார்பு காட்டுகிறார் என்ற பேச்சுக்கு அஞ்சி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சிலர் விளக்கம் தேடினர். அதைவிட எளிய விளக்கம் ஒன்றுண்டு. ஒவ்வொரு பந்துக்கும் துடுப்பைச் சுற்றி நின்று ஓலமிட்டு முறையிட்ட இரு அணிகளுக்கு நடுவே, அரங்கின் இரைச்சலில், ஐந்து நாட்கள் நின்ற இரு மனிதர்களின் கண்ணும் செவியும் களைத்துப்போயின. அந்நியரான கேர்ட்சனும் அப்போட்டியில் தவறினார். ஆனால் அவரது தவறு தவறாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது, குரேயின் தவறுக்கு மட்டுமே உள்நோக்கம் தேடப்பட்டது. பாதிக்கப்பட்ட வீரருக்குப் பிழையும் வஞ்சனையும் ஒரே உருவத்திலேயே தெரிகின்றன என்பதையும், நடுவரின் கடவுச்சீட்டை மாற்றுவதால் மறைவது வஞ்சனை என்ற ஐயம் மட்டுமே, பிழை அன்று என்பதையும் அஸ்கிரியவின் அந்த ஐந்து நாட்களைப்போல் வேறெந்தப் போட்டியும் இவ்வளவு துலக்கமாகக் காட்டியதில்லை எனலாம்.

மறு ஆண்டு ஏப்ரலில் சர்வதேச கிரிக்கெட் பேரவை, முழுநேரச் சம்பளம் பெறும் எட்டு உயர்நிலை நடுவர்களைத் தெரிந்து, டெஸ்டின் இரு நடுவர்களும் பொதுநாட்டவராகவே இருக்கவேண்டும் என்று விதித்தது. கண்டி டெஸ்ட் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பாதி ஏற்பாட்டின் முடிவு அங்கு எழுதப்பட்டுவிட்டது. கேர்ட்சன் அந்த எட்டுப்பேரில் ஒருவரானார். குரேக்கு அதில் இடமில்லை. பிழையைக் குறைக்கும் வழி அதற்கும் ஆறு ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் இலங்கையிலேயே பரீட்சிக்கப்பட்டது. 2008 ஜூலையில் இந்திய அணி வந்தபோது, தீர்ப்பை ஏற்காத வீரர் இரு கைகளாலும் ‘டி’ எழுத்தைப்போல் சைகை காட்டி மூன்றாவது நடுவரின் மீளாய்வைக் கோரலாம் என்ற முறை முதன்முதலாக டெஸ்டில் நடைமுறையானது. நடுவரை மறுத்தால் தண்டம் என்றிருந்த இடத்தில், நடுவரை மறுப்பதற்கென்றே ஒரு சைகை விதிப்புத்தகத்தில் ஏறியது. இந்திய அணி அம்முறையால் அதிகம் பயனடையவில்லை. 2016 வரை அதை எதிர்த்தே வந்தது. பந்தின் பாதையைக் கணினி கணித்தும் ஐயம் எஞ்சும்போது நடுவரின் முதல் தீர்ப்பே நிற்கும் என்ற விதி, ‘அம்பயர்ஸ் கோல்’ என்ற பெயரில் இன்றும் உண்டு. மனிதக் கண்ணுக்கு இயந்திரம் விட்டுவைத்த ஒரு சிறு மானியம் அது.

எறிவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஆய்வுக்கு அனுப்பப்பட்ட மற்றோர் இலங்கைச் சுழற்பந்தாளர் குமார் தர்மசேன, பின்னாளில் தாமே நடுவராகி, 1996 உலகக் கிண்ண இறுதியில் வீரராகவும் 2015 இறுதியில் நடுவராகவும் நின்ற முதல் மனிதரானார். 2019 இறுதியில் இங்கிலாந்துக்கு ஓர் ஓட்டம் கூடுதலாக வழங்கியது பிழையே என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பழைய பாடசாலைக் கோட்பாட்டில் இதற்கு இடமேயில்லை. அங்கு நடுவர் தவறுவதில்லை, தவறினாலும் சொல்வதில்லை.

முரளிதரன் 2007 டிசெம்பர் 3இல் போல் கொலிங்வுட்டின் விக்கெட்டை வீழ்த்தி, 709 விக்கெட்டுகளுடன் ஷேன் வார்னைக் கடந்தது அஸ்கிரியவில்தான். பந்து விக்கெட்டையே தகர்த்ததால் நடுவரிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை. அம்மைதானத்தின் கடைசி டெஸ்ட் அதுவே. அதன்பின் கண்டியின் டெஸ்ட் போட்டிகள் குண்டசாலைப் பக்கமுள்ள பல்லேகலவுக்கு மாறின; அப்புதிய மைதானத்துக்கு முரளிதரனின் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை 2010இல் தீர்மானித்தும், வழக்கில் அது பல்லேகலவாகவே நிற்கிறது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்துப் பயணத்தடைகளால் பேரவை உள்ளூர் நடுவர்களை மீண்டும் அனுமதித்து, அதற்கு ஈடாக ஒவ்வோர் இனிங்ஸிலும் அணிகளுக்கு ஒரு மீளாய்வைக் கூட்டிக் கொடுத்தது. 2021 ஏப்ரலிலும் மேயிலும் பங்களாதேஷ் அணி பல்லேகலவில் இரு டெஸ்ட் போட்டிகளை ஆடியது. முதலாவது சமநிலை, இரண்டாவதில் தன் அறிமுகப் போட்டியிலேயே பிரவீன் ஜயவிக்ரம 11 விக்கெட்டுகளை வீழ்த்த, இலங்கை 209 ஓட்டங்களால் வென்றது. களத்தில் நின்ற நடுவர்கள் இலங்கையர். அணிகள் ஒவ்வொன்றுக்கும் இனிங்ஸுக்கு மூன்று மீளாய்வுகள்.